நானோ துகள் மூளைக்குள் போகும்தான், எவ்வளவு போகும் என்பதுதான் கேள்வி

கேட்டவர் சொன்னதைச் சுருக்கிவிடுகிறேன். அம்மாவுக்கு எட்டு வருடமாகப் பார்க்கின்சன் நோய், மாத்திரை முன்போல நேரம் தாங்குவதில்லை. நானோ துகளில் மருந்தை ஏற்றி நேராக மூளைக்குள் இறக்கிவிடுகிறார்கள், பார்க்கின்சன், அல்சைமர், மூளைக் கட்டி மூன்றுக்கும் வழி கிடைத்துவிட்டது என்று ஒரு காணொளியில் பார்த்திருக்கிறார். இது உண்மையா, இப்போது கிடைக்குமா என்கிறார்.

பார்க்கின்சனுக்கு இப்போது கிடைக்காது. மருந்தை மூளைக்குள் கொண்டுபோகும் நானோ துகள் எதற்கும் அந்த நோய்க்கு அனுமதி இல்லை, ஆகவே ‘நானோ சிகிச்சை’ என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அதற்காகக் காணொளி முழுக்கப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். இந்த வேலை நடக்கும் ஆய்வகத்தில் சில வருடம் எலிகளோடு காலம் தள்ளியவன் நான், எது நடந்திருக்கிறது, எது நடக்கவில்லை என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் மூளை ஏன் மருந்தை உள்ளே விடுவதில்லை என்று பார்க்கலாம். 1885-இல் பால் எர்லிக் என்ற ஜெர்மன் மருத்துவர் விலங்குகளின் ரத்தத்தில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். எல்லா உறுப்பும் நிறம் மாறியது, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளைத் திசுவுக்குச் சாயம் ஒட்டாது போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். அவரிடம் வேலை பார்த்த எட்வின் கோல்ட்மன் 1913-இல் அதைத் தலைகீழாகச் செய்தார்: மூளையைச் சுற்றியுள்ள தண்டுவட நீரில் சாயத்தை விட்டார், இப்போது மூளை நிறம் ஏறியது, உடம்பின் மற்ற பகுதி அப்படியே இருந்தது. அப்படியானால் சாயம் ஒட்டாமல் இல்லை, நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவர் எங்கே என்பது 1967-இல் ரீஸ், கார்னாவ்ஸ்கி இருவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் தெளிவானது. தனியாகச் சுவர் என்று ஒன்றும் கிடையாது, மூளையின் ரத்த நுண்குழாய்களே சுவர். மற்ற உறுப்புகளில் நுண்குழாயின் செல்களுக்கு நடுவே சந்து உண்டு, மூளையில் அந்தச் சந்துகள் இறுக்கமாகத் தைக்கப்பட்டிருக்கின்றன.

தைத்திருப்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறுகள் செல் வழியாகவே ஊடுருவிப் போய்விடும். அதற்கும் காவல் இருக்கிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் லோபராமைடு மாத்திரை தெரியும் இல்லையா, அது உண்மையில் மார்ஃபின் வகையைச் சேர்ந்தது. கொழுப்பில் நன்றாகக் கரையும், மூளைக்குள் போயிருந்தால் வலியைக் கொல்லும், போதையும் ஏறும். ஆனால் வழக்கமான அளவில் அப்படி எதுவும் நடப்பதில்லை, ஏனென்றால் நுண்குழாய்ச் செல்லில் பி-கிளைக்கோபுரோட்டீன் என்று ஒரு பம்பு உட்கார்ந்திருக்கிறது, உள்ளே நுழைய நுழையப் பிடித்து ரத்தத்துக்கே திருப்பித் தள்ளிவிடும். இந்த லோபராமைடு மாத்திரை பிறகு திரும்பவும் வரும், நினைவில் வையுங்கள்.

இத்தனைக்கும் ரத்த வழியை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்றால், மனித மூளையின் நுண்குழாய்களை நீட்டிவைத்தால் கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர் வரும் என்கிறார்கள். எந்த நரம்பணுவை எடுத்தாலும் தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த தூரத்தில் ஒரு குழாய் இருக்கும். சுவரைத் தாண்டும் வித்தை மட்டும் தெரிந்துவிட்டால் மூளை முழுக்க ஒரே ஊசியில் மருந்து போய்ச் சேரும். ஊசியை மண்டைக்குள் குத்தினால் குத்திய இடத்தைச் சுற்றிச் சில மில்லிமீட்டர்தான் நனையும்.

உங்கள் அம்மா சாப்பிடும் மாத்திரையே இந்தச் சுவரை ஏமாற்றும் வித்தைதான் என்பது பலருக்குத் தெரியாது. பார்க்கின்சனில் குறைவது டோபமைன் என்ற, நரம்பணுக்கள் சேதி அனுப்பும் ரசாயனம், ஆனால் டோபமைனை ரத்தத்தில் விட்டால் மூளைக்குள் போகாது. லெவோடோபா அதன் முந்தைய வடிவம், பார்க்க அமினோ அமிலம் மாதிரி இருக்கும், அமினோ அமிலங்களை உள்ளே கொண்டுபோகும் வாசல் அதையும் சேர்த்து ஏற்றிக்கொண்டுவிடுகிறது, உள்ளே போனபின் டோபமைனாக மாறுகிறது. வழியிலேயே மாறிவிடாமல் இருக்கத்தான் கூடவே கார்பிடோபா. 1960-களின் வேலை இது. மூளைக்கு மருந்து கடத்தியதில் இன்றுவரை இதைவிடப் பெரிய வெற்றி இல்லை என்பேன், அதில் நானோ என்ற சொல்லே கிடையாது.

சரி, நானோ துகளுக்கு வருவோம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். மருந்து சுமக்கும் துகள்கள் பொதுவாக 20 முதல் 200 நானோமீட்டருக்குள் இருக்கும். கொழுப்பாலான குமிழ் லிப்போசோம், கரையும் பாலிமரில் செய்த உருண்டை, கிளைகிளையாக விரியும் டென்ட்ரிமர், தங்கத் துகள் என்று பல வகை. உள்ளே மருந்து, வெளியே ஒரு மேலுறை, அந்த உறையில் வாசலைத் திறக்கும் சாவி மாதிரி ஏதோ ஒரு புரதமோ சர்க்கரையோ. படம் போட்டுக் காட்டினால் அவ்வளவு அழகாக இருக்கும்.

இது கற்பனை இல்லை என்று காட்டியவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்த யோர்க் குரோய்ட்டர். 1990-களில் அவருடைய குழு, மேலே சொன்ன அதே லோபராமைடைப் பாலிமர் துகளில் ஏற்றி, மேலே பாலிசார்பேட் 80 என்ற சாதாரண சோப்புத்தன்மையுள்ள பொருளைப் பூசி எலிக்குக் கொடுத்தது. சும்மா கொடுத்தால் வலியைக் குறைக்காத மருந்து, இப்போது குறைத்தது. மருந்து மூளைக்குள் போகாமல் அது நடக்காது. எனக்கு இன்றும் பிடித்த பரிசோதனை இது, ஏனென்றால் மினுமினுக்கும் படம் எதையும் காட்டாமல் விளைவையே காட்டினார்கள்.

ஏன் நடந்தது என்பதுதான் இன்னும் சுவாரசியம். பாலிசார்பேட் சாவி இல்லை. ரத்தத்தில் விழுந்ததும் அந்தப் பூச்சின்மேல் அப்போலிப்போபுரோட்டீன் ஈ என்ற ரத்தப் புரதம் வந்து ஒட்டிக்கொள்கிறது, அது கொலஸ்டிராலைச் சுமக்கும் புரதம், அதைப் பார்த்த நுண்குழாய்ச் செல் வழக்கமான கொழுப்புச் சரக்கு வந்திருக்கிறது என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதாவது நாம் போட்ட சட்டையை ரத்தம் மதிப்பதில்லை, தன் பங்குக்கு இன்னொரு சட்டையை மாட்டிவிடுகிறது, செல் பார்ப்பது அந்த மேல் சட்டையைத்தான். ஆய்வகக் கிண்ணத்தில் பிரமாதமாக வேலை செய்த துகள் உயிருள்ள எலிக்குள் போனதும் படுத்துவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போது காணொளிகள் சொல்லாத கணக்கு. ரத்தத்தில் விட்ட துகளில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துவிடும், அந்நியத் தூசியை வடிகட்டுவதுதானே அவற்றின் வேலை. டொராண்டோவில் வாரன் சான் குழு 2016-இல், பத்து வருட ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, செலுத்திய துகளில் புற்றுக்கட்டியைச் சேர்வது நடுமதிப்பாக 0.7 சதவீதம் என்று எழுதியது, துறைக்கே ஒரு அறை விழுந்த மாதிரி இருந்தது. அதுவும் சுவர் ஒழுகும் கட்டிகள். ஆரோக்கியமான சுவருள்ள மூளைக்குப் பெரும்பாலும் ஒரு சதவீதம்கூடத் தேறுவதில்லை. விதிவிலக்கு இல்லாமல் இல்லை: 2017-இல் ஜப்பானில் கதாவோகா குழு துகளின்மேல் குளுக்கோஸைப் பதித்து, எலிகளை ஒரு நாள் பட்டினி போட்டு, பிறகு ரத்தச் சர்க்கரையை ஏற்றியது. பட்டினிக்குப் பின் ரத்தச் சர்க்கரை ஏறும்போது நுண்குழாய்ச் செல்லின் சர்க்கரை வாசல்கள் இடம் மாறும் அந்தச் சமயத்தைப் பயன்படுத்தி வழக்கத்தைவிடப் பல மடங்கு உள்ளே கொண்டுபோனார்கள். அழகான யோசனை.

ஒரு சதவீதம் என்றால் கேவலம் என்று நினைக்க வேண்டாம், அது மருந்தைப் பொறுத்தது. மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ. மாதிரி துளி போதும் என்கிற சரக்கு என்றால் ஒரு சதவீதம் பெரிய விஷயம். சாதாரண நோயெதிர்ப்புப் புரதம் ஒன்றை ரத்தத்தில் விட்டால் மூளைக்குள் போவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான், அதோடு ஒப்பிட்டால் பத்து மடங்கு லாபம். ஆனால் லெவோடோபா மாதிரி தினமும் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் தேவைப்படும் மருந்துக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. துகளின் எடையில் பத்தில் ஒரு பங்கு மருந்து இருந்தாலே நல்ல சுமை என்பார்கள், மீதி வண்டியின் எடை. அத்தனை வண்டியைத் தினமும் ரத்தத்தில் ஓட்ட முடியாது.

சுவருக்குள் நுழைந்தது வேறு, சுவரைத் தாண்டியது வேறு, இதில்தான் நிறையப் பேர் வழுக்கினார்கள். மூளைக்கு இரும்பைக் கொண்டுபோகும் டிரான்ஸ்ஃபெரின் வாசல் ரொம்பப் பிரபலமான வழி. அதை எவ்வளவு கெட்டியாகப் பிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றுதான் எல்லோரும் சாவி செய்துகொண்டிருந்தார்கள். 2011-இல் ஜெனன்டெக் நிறுவனத்தார் நோயெதிர்ப்புப் புரதங்களில் காட்டியது நேர் எதிர்: கெட்டியாகப் பிடித்தது வாசலிலேயே தொங்கிக்கொண்டு நிற்கிறது, அடுத்த பக்கம் விழுவதில்லை, பிடி கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் கைவிட்டு உள்ளே போகிறது. இரண்டு வருடம் கழித்துத் தங்க நானோ துகளிலும் இதே கதைதான் என்று அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. துகளைச் சுற்றி நூறு சாவி ஒட்டினால் நூறு கையால் பிடித்துக்கொண்ட மாதிரி, பிறகு எங்கே விடும்?

தாண்டிய பிறகும் நிம்மதி இல்லை. மூளை செல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி சில பத்து நானோமீட்டர்தான், அதுவும் பிசுபிசுப்பான ஜெல் நிரம்பியது. 2012-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜஸ்டின் ஹேன்ஸ் குழு பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வழுக்கும் பாலிமரை அடர்த்தியாகப் போர்த்தினால் 114 நானோமீட்டர் துகள்கூட நகரும் என்று காட்டியது, போர்வை மெலிந்தால் இறக்கிய இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் எந்த செல் அதை விழுங்குகிறது என்ற கேள்வி. பெரும்பாலும் மூளையின் துப்புரவு செல்களான மைக்ரோகிளியாதான் முதலில் வந்து சாப்பிடும். நரம்பணுவுக்கு அனுப்பிய தபால் குப்பைவண்டியில் போய்ச் சேர்ந்த கதை. இதையே சாதகமாக்கிக்கொண்டவர்களும் உண்டு: அழற்சியில் கொதிக்கும் மைக்ரோகிளியாவுக்குள் தானாகவே போய்ச் சேரும் டென்ட்ரிமரில் மருந்தை ஏற்றி, பெருமூளை வாதம் உள்ள முயல் குட்டிகளின் அசைவு மேம்பட்டதை 2012-இலேயே காட்டினார்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. நாங்கள் ஒளிரும் சாயம் ஏற்றிய துகளை எலிக்குச் செலுத்தி மூளையை எடுத்துப் பார்த்தோம், ஜெகஜோதியாக மின்னியது, அன்று எல்லோரும் ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டோம். பிறகு மூத்தவர் ஒருவர் வந்து, ரத்தத்தைக் கழுவினீர்களா என்று கேட்டார். கழுவவில்லை. மூளையின் கொள்ளளவில் சில சதவீதம் ரத்தம்தான், அந்த ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த துகளைத்தான் மூளைக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அடுத்த எலிக்கு உப்புநீரால் குழாய்களை அலசிவிட்டு எடுத்தால் முக்கால்வாசி வெளிச்சம் காணோம். மீதி இருந்ததிலும் ஒரு பங்கு, துகளிலிருந்து கழன்று வந்த சாயம் தனியாகப் போய் ஒட்டியது. இரண்டு மாதம் வேலை போனது. ஆனால் அன்றிலிருந்து எந்த மினுமினுக்கும் மூளைப் படத்தைப் பார்த்தாலும் முதலில் அலசினார்களா என்றுதான் தேடுவேன்.

மனிதர்களிடம் உண்மையிலேயே வேலை செய்தது எது என்று கேட்டால், என் பட்டியலில் முதலில் வருவது புத்தம்புது கண்டுபிடிப்பு எதுவும் அல்ல, பழைய லிப்போசோம். எச்.ஐ.வி. முற்றியவர்களுக்குக் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் மூளைச் சவ்வில் அழற்சி வரும், உயிர்க்கொல்லி. ஆம்ஃபோடெரிசின் பி பூஞ்சையைக் கொல்லும், சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும். அதை நூறு நானோமீட்டருக்கும் குறைந்த லிப்போசோமில் ஏற்றினால் நச்சு குறைகிறது, பெரிய அளவை ஒரே தடவையில் கொடுக்க முடிகிறது. ஆப்பிரிக்காவின் ஐந்து நாடுகளில் நடந்து 2022-இல் வெளியான ஆம்பிஷன் ஆய்வில், கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே ஒரு ஊசி, கூட இரண்டு மாத்திரை மருந்துகள், இந்த முறை அதுவரை இருந்த ஒரு வார ஊசி முறைக்குச் சளைக்கவில்லை, பக்கவிளைவும் குறைவு. அதே வருடம் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. இங்கே துகளின் பெரிய உதவி சுவரைத் துளைத்ததில் இல்லை, மருந்து போகக் கூடாத சிறுநீரகத்தைக் காப்பாற்றியதில் இருக்கிறது. நானோ துகளின் நிஜமான திறமை பெரும்பாலும் இதுதான் என்பது என் கருத்து, விளம்பரத்தில் இதைச் சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை.

அடுத்தது 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாட்டிசிரான். பரம்பரையாக வரும் டிரான்ஸ்தைரெட்டின் அமிலாய்டு நோய் கை கால் நரம்புகளை அரித்துவிடும். கெட்ட புரதம் உற்பத்தியாவது கல்லீரலில். கொழுப்பு நானோ துகளில் ஆர்.என்.ஏ.வை ஏற்றி அனுப்பினால், ரத்தத்தில் அதே அப்போலிப்போபுரோட்டீன் ஈ ஒட்டி, துகள் சமர்த்தாகக் கல்லீரலுக்கே போகிறது. எல்லாத் துகளும் கல்லீரலில் மாட்டிக்கொள்கிறது என்று துறையே புலம்பிக்கொண்டிருக்கும்போது, அங்கேயே வேலை இருக்கும் நரம்பு நோயைத் தேர்ந்தெடுத்தார்கள். புத்திசாலித்தனம் என்றால் இது.

மூளைக் கட்டியில் நிலைமை ஆரம்பக் கட்டம்தான். 2021-இல் வெளியான ஆய்வில் கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைப் புற்றுக்கட்டி உள்ள நோயாளிகள் எட்டுப் பேருக்கு அறுவைக்கு முன் ஆர்.என்.ஏ. போர்த்திய தங்கத் துகளை ரத்தத்தில் செலுத்தினார்கள், வெட்டியெடுத்த கட்டியில் தங்கம் இருந்தது. போய்ச் சேர்கிறது என்பதற்கு மனித ஆதாரம், குணமாகிறது என்பதற்கு இல்லை. 2023-இல் சிகாகோவில் வேறு வழி: மண்டையோட்டில் பதித்த அல்ட்ராசவுண்டு கருவி, ரத்தத்தில் நுண்குமிழ்கள், இரண்டும் சேர்ந்து சுவரைச் சற்று நேரம் தளர்த்தும், அந்த நேரத்தில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் துகளில் கட்டிய பாக்ளிடாக்சல் என்ற புற்று மருந்து. 17 பேர், மூளையில் மருந்தின் அளவு கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஏறியது, சுவர் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் மூடிக்கொண்டது. தனியாகத் துகளை நம்புவதைவிடக் கதவைத் திறந்துவிட்டு அனுப்பும் இந்தக் கூட்டணிமேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

காணொளியில் வந்த அல்சைமர் விஷயம் அநேகமாக 2025 அக்டோபரில் பார்சிலோனாவும் சீனாவின் செங்டுவும் சேர்ந்து வெளியிட்டதாக இருக்கும். மூன்று ஊசியில் எலிகள் தேறின என்று செய்தி பறந்தது. அதில் துகள் எந்த மருந்தையும் சுமக்கவில்லை என்பதைப் பலர் கவனிக்கவே இல்லை. அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதக் கழிவை வெளியேற்றும் வாசலை நுண்குழாய்ச் செல்லில் பழுதுபார்ப்பதுதான் அந்தத் துகளின் வேலை. சுவரையே நோயாளியாகப் பார்த்த அந்தக் கோணம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அது எலி. அல்சைமர் தீர்ந்த எலிகள் நிறைய உண்டு, அந்த மருந்துகளில் மனிதரிடம் தோற்காதவை மிகக் குறைவு.

நானோ துகளுக்குப் போட்டியும் வலுத்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் 2021-இல் ஹண்டர் நோய்க்கு (ஒரு நொதி குறைவதால் வரும் பரம்பரை நோய்) அனுமதி பெற்ற பாபினாஃபஸ்ப் ஆல்ஃபா, டிரான்ஸ்ஃபெரின் வாசலைப் பிடித்து நொதியை மூளைக்குள் கொண்டுபோகிறது, அது ஒரு புரதம், துகள் அல்ல. தண்டுவடத் தசைநலிவுக்கு 2019-இல் வந்த ஜோல்ஜென்ஸ்மா, 25 நானோமீட்டர் அளவுள்ள ஏ.ஏ.வி.9 என்ற வைரஸின் கூட்டுக்குள் மரபணுவை வைத்து அனுப்புகிறது. அதை இயற்கை செய்த நானோ துகள் என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அப்புறம் மூக்கு வழி. வாசனை நரம்பு மூளையிலிருந்து நேரே மூக்குக்கு வருவதால் ஸ்பிரே அடித்தால் போதுமே என்பார்கள். எலியின் மூக்கில் ஏறக்குறைய பாதிப் பரப்பு வாசனைக்கானது, மனிதனுக்குப் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எலியின் வெற்றியை அப்படியே பெருக்கிப் பார்க்கக் கூடாது.

பார்க்கின்சன் மாதிரி இருபது வருடம் கூடவே வரும் நோயில் இன்னொரு சிக்கல், எத்தனை தடவை கொடுப்பது என்பது. மேலே சொன்ன பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வழுக்குப் போர்வைக்கு எதிராகவே சிலர் உடம்பில் எதிர்ப்புப் புரதம் உருவாகிறது, அடுத்தடுத்த ஊசிகளை உடம்பு வேகமாகத் துடைத்துவிடும், சிலருக்கு ஒவ்வாமையும் வரும். கரையாத உலோகத் துகள் என்றால் வருடக்கணக்கில் எங்கே போய்ச் சேரும் என்ற கவலை தனி. உயிருக்கு மன்றாடும் கட்டி நோயாளிக்கு இந்த அபாயத்தை ஏற்கலாம், நடமாடிக்கொண்டிருக்கும் உங்கள் அம்மாவுக்கு அவசரப்பட வேண்டியதில்லை.

அவருக்கு இப்போது கேட்க வேண்டியது வேறு. மாத்திரை நேரம் தாங்கவில்லை என்றால் அளவைச் சின்னச் சின்னதாகப் பிரிப்பது, மருந்து உடம்பில் சிதைவதைத் தாமதப்படுத்தும் துணை மாத்திரை, தோலுக்கடியில் நாள் முழுக்கச் சொட்டவிடும் லெவோடோபா பம்பு (அமெரிக்காவில் 2024-இல் அனுமதி கிடைத்தது, எல்லா நாட்டிலும் இல்லை), மூளையில் மின்முனை பொருத்துவது, இவற்றில் எது பொருந்தும் என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். கூடவே, மாத்திரை போடும் நேரத்தையும் அவர் என்ன சாப்பிடுகிறார் என்பதையும் ஒரு வாரம் எழுதிக்கொண்டு போங்கள். லெவோடோபா போகும் வாசல் அமினோ அமிலங்களின் வாசல் என்றேன் இல்லையா, புரதம் அதிகமான சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினால் இரண்டும் அந்த வாசலில் முண்டியடிக்கும். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று அந்தக் குறிப்பைப் பார்த்து மருத்துவரே சொல்லிவிடுவார்.